அறுபது கேள்விக்கும் ஆமாங்க

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மனநல வார்டு டாக்டர் ஷம்சுதீன். ஆராய்ச்சிப் படிப்புக்காக வார்டுக்கு வந்துகொண்டிருந்த வசந்தாம்மா. கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்த ஏட்டு. யாரும் கூப்பிடாமல் அவரோடு கிளம்பி வந்த மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர். கூட்டி வரப்பட்ட மாரிமுத்து. அவர் மனைவி காத்தாயி, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நிலைப்படிக்கு வெளியே. கதவைப் பிடித்துக்கொண்டு நான்.

நான் அந்த வார்டில் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் செல்லையன். பிரிவுக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள், அதற்கு மலர் போடுகிறார்கள், பழைய ஆட்கள் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பு. இப்போது பிரிவில் சைக்காலஜி படித்த பிள்ளைகள் நாலு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது. அந்தப் படிப்போடு முதலில் வந்து உட்கார்ந்தவர் வசந்தாம்மா. அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்க, நான் பண்ணின தப்பையும் விடாம எழுதுங்க என்றார். மாரிமுத்து, காத்தாயி என்பவை நான் மாற்றி வைத்த பெயர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சுருக்கமான கதை. பெருக்குகிற வேலையில் சேர்ந்தேன். ஆள் திடமாக இருக்கிறான் என்று மனநல வார்டுக்கு மாற்றினார்கள். முரண்டு பிடிக்கிறவரை வலிக்காமல் பிடிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது. பிடித்த கையை எப்போது விடுவது என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நாள். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது.

மாரிமுத்து வந்த சமயம் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. சாகுபடி செய்கிறவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை நிலத்தைவிட்டு இறக்குவது கஷ்டம். ஏறாமல் பார்த்துக்கொள்ள மிராசுதார்கள் முனைந்தார்கள். ஏற்றிவிடச் சங்கத்துக்காரர்கள் முனைந்தார்கள். ஊருக்கு ஊர் கொடி. அறுவடைக்கு ஆள் இறங்காது, இறங்கினால் அடிதடி. பக்கத்து வார்டில் தலையில் தையல் போட்டவர்கள் படுத்திருப்பார்கள். எங்கள் வார்டுக்கு அந்தச் சண்டை வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

மாரிமுத்து ஆறு மா நிலம், சுமார் இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்தார். நிலத்தை விட்டுவிட்டதாகக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள் மிராசுதார் வீட்டில். வைக்கவில்லை. நடவு முடிந்து பத்து நாள் பயிருக்குத் தண்ணீர் விடாமல் மடையை அடைத்தார்கள். அவர் யாரிடமும் போய்ச் சத்தம் போடவில்லை. வாய்க்காலில் இறங்கி மிராசுதார் வயலுக்குப் போகிற மடையின் வாயில் குறுக்கே படுத்துக்கொண்டார். காலையில் படுத்தவரைச் சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. புத்தி பேதலித்துவிட்டது, ஊருக்கு ஆபத்து என்று காரியஸ்தர் மனு எழுதிக் கொடுத்தார். வார்டில் வைத்துப் பார்த்து அறிக்கை அனுப்பும்படி கோர்ட்டு சொல்லிவிட்டது.

பைத்தியம் என்று அறிக்கை போனால் மதராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவு விசாரணையில் நின்று பேச ஆள் இருக்காது. ஆறு மாவும் போகும். அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

டாக்டர் ஷம்சுதீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டையான ஆள். நாகூர்ப் பக்கம் அவருடைய அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவரை நிற்க வைத்துப் பேசக் கூடாது என்று சின்ன வயதில் பழக்கினாராம். நோயாளி உட்காராமல் அவர் உட்கார மாட்டார். யாராக இருந்தாலும் வாங்க, உக்காருங்க. உட்கார்ந்த பிறகு இரண்டு கேள்வி. உங்க வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணி? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? அதற்கப்புறம் பேனா மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். எதிரில் இருப்பவர் பேசும் வரை அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படுகிற ஏட்டுகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மாரிமுத்து உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். டாக்டரும் நின்றார். ஏட்டு இரண்டு தடவை வெளியே போய் வந்தார். காரியஸ்தர் சொன்னார்:

"அவன் உக்கார மாட்டாங்க. பழக்கமில்ல."

"பரவால்ல. நிக்கிறது எனக்கும் பழக்கம்தான்."

கடைசியில் மாரிமுத்து முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எந்த வாய்க்கால் என்றதற்குப் பெயர் சொன்னார். சாப்பிட்டீங்களா என்றதற்கு ஆமாங்க என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அதை ஏட்டுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டாக்டர் அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வசந்தாம்மாவைப் பார்த்தார். உங்க கேள்வித்தாளையும் வெச்சுப் பாத்துடுங்க, அறிக்கையில சேர்த்துக்கலாம் என்றார்.

வசந்தாம்மா வலங்கைமான் பக்கம் நிலக்காரர் வீட்டுப் பெண். மதராஸில் எம்.ஏ. சைக்காலஜி முடித்துவிட்டு டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். மூன்று வருஷத்தில் முடியும் என்று சொல்லித்தான் சேர்த்தார்களாம். அது மூன்றாவது வருஷத்தின் முடிவு. வார்டில் அவருக்குப் படிக்கிற அம்மா என்று பெயர். தினம் காலை பஸ்ஸில் வருவார். குடை, கித்தான் பை, ஒரு போகணி தயிர்சாதம். கூலி வேலை செய்கிறவர்கள் மனதில் பயமும் சோர்வும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. வார்டுக்கு வருகிறவர்களிடமும் கேட்பார், கிராமங்களுக்குப் போயும் கேட்பார்.

கேள்வித்தாளில் அறுபது வரி. அவர்களுக்குப் படிக்கத் தெரியாததால் இவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஆமாம் என்றால் ஒரு கட்டத்தில் டிக், இல்லை என்றால் மறு கட்டத்தில் டிக். அது போக மை கொட்டி மடித்த மாதிரி அட்டைகள் உண்டு. இதில் என்ன தெரிகிறது என்று கேட்பார். வௌவால், பட்டாம்பூச்சி என்று ஏதாவது சொல்ல வேண்டும். குடவாசல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மசி கொட்டிப்போச்சும்மா, வீணாப்போச்சு, யாரையும் வையாதீங்க என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வசந்தாம்மா சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

அவருக்கு வழிகாட்டி மதராஸில் ஒரு பேராசிரியர். தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது எண்ணிக்கை மிக அதிகமாக வந்ததில் அவருக்குச் சந்தோஷம். இவ்வளவு பயமும் சோர்வும் வேறு எங்கும் யாரும் கண்டுபிடித்ததில்லையாம். பாதி அத்தியாயம் டைப் அடிக்கப் போய்விட்டது. பெண்கள் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் இடம் காத்திருந்தது. ஆராய்ச்சியைச் சமர்ப்பித்த சீட்டைக் காட்டினால் வேலை.

இந்த நிலையில்தான் மாரிமுத்து எதிரில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

காதில் யாரோ பேசுவது போலக் கேட்கிறதா? ஆமாங்க. சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாகத் தோன்றுகிறதா? ஆமாங்க. உங்களுக்குக் கெடுதல் செய்ய யாரோ சுற்றி வருகிறார்களா? ஆமாங்க. ராத்திரி தூக்கம் வருவதில்லையா? ஆமாங்க. செத்துப்போகலாம் என்று இருக்கிறதா? ஆமாங்க.

அறுபதுக்கும் அதே பதில், அதே குரலில். வசந்தாம்மா கூட்டிப் பார்த்தார். அந்தத் தாளுக்கு அதற்கு மேல் எண்ணே கிடையாது. தீராத நோய் என்று அர்த்தம். அவருக்கு முகம் வாடிவிட்டது. பாவம் இந்த ஆளு, செல்லையா, மதராஸுக்குத்தான் அனுப்பணும் போல என்றார். அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலை காத்தாயி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். வசந்தாம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது உள்ளே கேட்டது.

"ராத்திரி தூங்குனியா?"

"தூங்காம? நல்லாத்தான் தூங்குனேன். கட்டில்ல படுத்தா முதுகு வலிக்குது, அதான்."

"பொய்யி."

"இல்லடி. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றேன். கஞ்சில உப்பு இல்ல."

"இல்லாட்டிக் குடிக்காத போ."

வசந்தாம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவரைக் கண்டதும் மாரிமுத்து எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினார். தூக்கம் வந்துதா என்று வசந்தாம்மா கேட்டார். ஆமாங்க. தூக்கமே வரலையா? ஆமாங்க. பசிக்குதா? ஆமாங்க. பசியே இல்லையா? ஆமாங்க.

வசந்தாம்மா அவரை விட்டுவிட்டுக் காத்தாயி பக்கம் திரும்பினார்.

"ஏன்மா, எதைக் கேட்டாலும் ஆமாங்கறாரே?"

காத்தாயி தூக்குவாளியை மூடினார். பயந்த ஆள் இல்லை அந்த அம்மா. ஆனாலும் யோசித்துத்தான் பேசினார்.

"உங்களாட்டம் உள்ளவங்ககிட்ட இல்லன்னு சொல்லலாமாம்மா? எங்க மாமியா சொன்னதில்ல, எங்கம்மா சொன்னதில்ல. இவரு ஆயுசுல ஒரே ஒரு தடவ இல்லன்னாரு. அதுக்குத்தான் கொண்டாந்து இங்க போட்டுருக்கீங்க."

வசந்தாம்மா அங்கேயே நின்றார். காத்தாயி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாரிமுத்து மட்டும், அவ எப்பவும் இப்படித்தாங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்றார்.

அன்றைக்கு என்னைப் பழைய தாள்களை எல்லாம் இறக்கச் சொன்னார். மூன்று வருஷத் தாள். பரணில் கட்டுக் கட்டாக இருந்தது. தரையில் பரப்பினோம். கூலி ஆட்களுடைய தாள்களைத் தனியாகப் பிரித்தார். டிக் எல்லாம் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழாக, கயிறு கட்டி நட்ட நாற்று மாதிரி இறங்கியிருந்தது. அத்தி பூத்தாற்போல் எங்காவது ஒரு இல்லை. மூன்று வருஷமாகப் பார்த்த தாள்தான். அன்றைக்குத்தான் அப்படித் தெரிந்தது.

டாக்டர் வந்தார். தாள்களை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

எங்க வீட்லயும் இதே ஆமாங்கதான் சார், பொறந்ததுலேர்ந்து காதுல விழுறது, அதை நான் பதில்னே நெனச்சுட்டேன் என்றார் வசந்தாம்மா. டாக்டர் குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். நானும்தான் நெனச்சேன், அச்சடிச்ச தாளு, எங்கேயோ அளந்து பாத்துச் செஞ்சதுன்னு நம்பிட்டேன் என்றார். பிறகு என்னிடம், மாரிமுத்துவை நாளைலேர்ந்து தோட்டத்துல விட்டுப் பாரு, ஒண்ணும் கேக்காதே, என்ன செய்றாருன்னு மட்டும் சொல்லு என்றார்.

மாரிமுத்து தோட்டத்தில் என்ன செய்தார் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர் வாழைக்குப் போகாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தார். வாழைக்குப் போகட்டும் என்று விட்டு, அது நனைந்ததும் முருங்கைப் பக்கம் திருப்பினார். பக்கத்துப் படுக்கைப் பையனுக்குச் சாதம் பிசைந்து ஊட்டினார். ராத்திரி குறட்டை. டாக்டர் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

ஆனால் கேள்வித்தாள் எண்ணிக்கையும் அறிக்கையில் இருக்கும் என்று முன்பே கோர்ட்டுக்குத் தெரிவித்தாகிவிட்டது. காரியஸ்தரின் வக்கீல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தாம்மா அந்த எண்ணைக் கொடுத்தால் மாரிமுத்து போனார். இந்தத் தாள் இவர்களிடம் செல்லாது என்று எழுதினால் தன் மூன்று வருஷமும் செல்லாது என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி.

பேராசிரியர் ரயிலேறி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் வந்த களைப்போடு டீயைக் கூடத் தொடாமல் பேசினார். நான் தம்ளர்களை வைத்துவிட்டு நின்றேன்.

"இந்த ஆளுக்குத் தாள் சரிப்படலைன்னு மட்டும் எழுதும்மா. ஒருத்தருக்கு. ஆராய்ச்சி வேற, கோர்ட்டு வேற."

"ரெண்டுக்கும் தாள் ஒண்ணுதானே சார்."

"உதவித்தொகை இந்த வருஷத்தோட நிக்குது. பதிவை ரத்து பண்ணிடுவாங்க. உங்கப்பாவுக்கு நான் என்னம்மா சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன் சார்."

பேராசிரியர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கடைசியாக ஆறிப்போன டீயைக் குடித்தார். என்ன தோணுதோ செய், ஆனா முடிச்சுடு, எப்பவாவது என்கிட்டயே வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட்டுக்கு மாரிமுத்துவைக் கூட்டிப் போனது நான். வசந்தாம்மா கூண்டில் ஏறினார். காரியஸ்தர் வக்கீல் நல்ல சாமர்த்தியசாலி. இதே கேள்விகளை வைத்துத்தானே நீங்கள் ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார். அப்படியானால் அந்த ஆராய்ச்சி தப்பா? கோர்ட்டில் அவருடைய ஊர்க்காரர்கள், அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

"தப்புதான்."

வக்கீல் காகிதங்களைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். டாக்டருடைய தோட்டக் குறிப்பைப் படித்தார்கள். மாரிமுத்துவை அன்றே விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் வசந்தாம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஊருக்குப் போறீங்களா என்று வசந்தாம்மா கேட்டார். ஆமாங்க என்றார். அது ஒன்று நிஜம்.

குத்தகை விசாரணைக்கு நான் போகவில்லை. காத்தாயி பிறகு வந்தபோது சொன்னார். நிலத்தை விட்டுட்டியா என்று அதிகாரி கேட்டாராம். இவர் வாயைத் திறப்பதற்குள் காத்தாயி முந்திக்கொண்டு இல்லீங்க என்றாராம். உன்னைக் கேக்கலம்மா என்றாராம் அதிகாரி. அவரு காது கேக்காதவருங்க, எங்கிட்டயே கேளுங்க என்றாராம். பெயர் பதிவாகிவிட்டது.

வசந்தாம்மாவுடைய பதிவு ரத்தானது. கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. அவர் குடவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனார். அப்பா பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மாதம் ஒரு தடவை வார்டுக்கு வந்து டாக்டரிடம் பேசிவிட்டுப் போவார். எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதுதான் பேச்சு. தரையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தூக்கம் வருமா வராதா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தார். அதற்கும் ஆமாங்கதான்.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். வெகு நாளைக்கப்புறம் பார்த்த சிரிப்பு. பஞ்சாயத்துத் தேர்தலில் அவர் அப்பா நின்று தோற்றிருந்தார்.

"முந்தின நாள் தெரு முழுக்க வந்து, உங்களுக்குத்தாங்க, வேற யாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க சார். பெட்டியத் தொறந்தா நூறு ஓட்டு கூட இல்ல. அப்பாவுக்கு ஒரே கோபம், அத்தனை பேரும் பொய் சொல்லிட்டானுகன்னு. நேருக்கு நேர் சொன்னதுதான் சார் பொய். பெட்டில போட்டது நிஜம்."

டாக்டர் பேனா மூடியை எடுத்துப் பேனாவில் போட்டார். செல்லையா, அந்தப் பச்சைப் படுதாவை எடு என்றார்.

ஊசி போடும்போது மறைக்க இரும்புச் சட்டத்தில் பச்சைத்துணி கட்டிய படுதா அது. அதற்குப் பின்னால் வாய் குறுகின இரண்டு மண்பானை. ஒன்றில் சுண்ணாம்புக் கோடு. உண்டு என்றால் அதில் போட வேண்டும். கோடு இல்லாதது இல்லை பானை. கேள்விக்கு ஒரு புளியங்கொட்டை கொடுப்போம். படுதாவுக்குப் பின்னால் போய் எதில் வேண்டுமோ அதில் போட்டுவிட்டு வரலாம். யாரும் பார்க்க முடியாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பிறகு எங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கொட்டையில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டோம். போட்டது நான். மத்தியான ஓய்வில் கட்டைப் பேனாவை நனைத்து ஒன்றிலிருந்து அறுபது வரை எழுதுவேன். வழவழப்பில் பெயிண்ட் பிடிக்காது. மணலில் தேய்த்துவிட்டு எழுதினால் நிற்கும்.

முதல் ஊரில் ஒரு கிழவி இரண்டு கொட்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். ஒரு பானை டங்குன்னுது, ஒண்ணு பொத்துன்னுது, இதுல என்னம்மா ரகசியம் என்றார். ஒன்று புதுப்பானை, ஒன்று பழையது. அன்றைக்கே இரண்டிலும் அடியில் உமி போட்டோம். அதற்கப்புறம் சத்தம் வரவில்லை.

பேராசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுபடி பதிந்துகொடுத்தார். ஆனால் பானையை வைத்துச் செய்வதைப் பல்கலைக்கழகம் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு தடவை செய்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டச் சொன்னார்கள். காட்டினார். கோடு உள்ள பானையை இடம் மாற்றி வைத்துச் செய்யச் சொன்னார்கள். செய்தார். நடவு, அறுப்பு காலத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. வேலைநிறுத்தம் என்றால் ஊருக்குள் வெளியாளை விடமாட்டார்கள். வருஷத்தில் நாலைந்து மாதம்தான் கைக்குக் கிடைக்கும். லீவு நாளில் நான் படுதாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். பஸ்ஸில் அவர் பானைகளை மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

எங்களைக் கண்டாலே கேலிதான். யாருக்கும்மா தேர்தல், எந்தச் சின்னம் என்பார்கள். ஜெயிச்சா ரோடு போடுவியாம்மா என்று ஒரு பெண் கேட்டார். ஆனால் படுதாவுக்குப் பின்னால் போனதும் பேச்சு நின்றுவிடும். சிலர் அந்த ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நிற்பார்கள். கால் மட்டும் கீழே தெரியும்.

பானையைக் கவிழ்த்து எண்ணியபோது பழைய கணக்கு எதுவும் நிற்கவில்லை. எல்லோருக்கும் எல்லா வியாதியும் இல்லை. சோர்வு சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. சில கேள்விக்கு மட்டும் ஊரே கோடு போட்ட பானையில் போட்டிருந்தது.

கீழ்வேளூர்ப் பக்கம் போனபோது மாரிமுத்துவும் வந்தார். வயது ஏறியிருந்தது. காத்தாயி கூட வந்து, ஆமான்னு அத்தனையும் ஒரே பானைல கொட்டிடப் போறாரு, பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மாரிமுத்து ஒவ்வொரு கொட்டையாக வாங்கிக்கொண்டு போய் வந்தார். முடிந்ததும் கையைத் துண்டில் துடைத்தார். அவர் போனதும் நான் பானைகளைக் கவிழ்த்தேன். இல்லை பானையில் ஐம்பத்தொன்று. கோடு போட்ட பானையில் ஒன்பது. அந்த ஒன்பதின் எண்ணையும் வசந்தாம்மா தாளில் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"இதுல ஒண்ணும் வியாதி இல்ல செல்லையா. எல்லாம் அவருக்கு நடந்தது."

கடைசித் தேர்வு மதராஸில். பானைகளைக் காட்ட வேண்டும் என்றதால் நானும் ரயிலில் போனேன். உள்ளே இங்கிலீஷில் பேசினார்கள். வடக்கேயிருந்து வந்த ஒருவர் ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று கேட்டாராம். என்ன பதில் சொன்னீங்க என்று திரும்பி வரும்போது கேட்டேன். மொத மூணு வருஷம் நான் சேத்து வெச்சது பதில் இல்ல சார், மரியாதைன்னு சொன்னேன் என்றார். அந்த வடக்கத்திக்காரர் எழுந்து வந்து பானைக்குள் கையைவிட்டு உமியைத் தொட்டுப் பார்த்தாராம்.

பட்டம் வந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த தாளில் ஆராய்ச்சிக் காலம் ஐந்து வருஷம் என்று போட்டிருந்தது. ரத்தான பதிவு அவர்கள் கணக்கில் வராது. பள்ளிக்கூடத்தில் நின்ற வருஷமும் வராது. நான் கூட இருந்து பார்த்தவன், என் கணக்கு வேறு. எம்.ஏ. இரண்டு. தூக்கிப் போட்டது மூன்று. நடுவில் ஒன்று. திரும்பச் செய்தது ஐந்து.

பதினொன்று.